பெரிய எழுத்து

சேலத்திற்குத் தெற்கே உள்ள ஆட்டையாம்பட்டியை அறியாதவர்கூட அவ்வூர்க் கைமுறுக்கை அறிந்திருப்பர். அங்கு நமக்கு அத்தை முறையாகும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. சென்ற தவக்காலத்தில் ஒரு மாலைப் பொழுதில் அவரைக் காணச் சென்றோம். கூடத்தின் மூலையில், கதவுக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்து, மடியில் செபப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "அத்தை இந்த வயசிலும் புத்தகத்தைக் கீழே வைக்கிறதில்லைங்க அண்ணா" என்று அவருடைய மருமகள் பெருமையோடு கூறினார். நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அருகில் சென்று பார்த்த பின்னரே உண்மை தெரிந்தது. அவர் உதடுகள் சொல்லிக்கொண்டிருந்தது சிலுவைப்பாதைச் செபம். மடியில் விரிந்திருந்த பக்கத்திலோ திருமணத் திருப்பலிப் பாடல்கள் அச்சிடப்பட்டிருந்தன.

அப்பொழுது நாம் ஒன்றும் கேட்கவில்லை. இரவு உணவுக்குப்பின் திண்ணையில் தனியே இருந்தபோது மெல்லக் கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது கண்ணு. ரெண்டு வருசமாச்சு. சொன்னா ஆஸ்பத்திரி, செலவுன்னு பையன் அலைவான். கையில புத்தகம் இருந்தா யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை" என்றார்.

வாசகர்களே, இந்த அத்தை எப்படிப்பட்டவர் என்பதைச் சொன்னால்தான் அச்சொற்களின் பாரம் உங்களுக்கு விளங்கும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடர்கதையாக வந்தது. இவருடைய அண்ணன் வாரந்தோறும் அப்பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார். பத்து வயதுச் சிறுமியான அத்தை அதைத் தெருத் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்பார். எழுத்தறியாத அண்டை வீட்டுப் பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்து கேட்பார்கள். வாழ்க்கைப்பட்டு ஆட்டையாம்பட்டிக்கு வந்த பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. வார இதழ், நாளிதழ், கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்த தாள், எதுவாயினும் படித்துவிட்டுத்தான் மறு வேலை. அப்படிப்பட்டவர் ஈராண்டுகளாகப் படிப்பது போல் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதில் நம் பங்கும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்கு நாம் ஒரு திருவிவிலியம் வாங்கிச் சென்று பரிசளித்தோம். மெல்லிய தாள், அடுத்த பக்கத்து எழுத்தின் நிழல் இந்தப் பக்கத்தில் தெரியும் அச்சு, தூக்கினால் கை கடுக்கும் கனம். அதைக் கொடுத்துவிட்டு நல்ல காரியம் செய்தோம் என்ற மனநிறைவோடு வீடு திரும்பினோம். அது இன்றும் அவருடைய பெட்டியில், வாங்கிய நாளில் சுற்றியிருந்த வண்ணத்தாளோடு புத்தம் புதிதாக இருக்கிறது.

"வயதாகிவிட்டது, இனி படிப்பில் நாட்டம் எங்கே இருக்கப் போகிறது?" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாட்டம் போய்விடுவதில்லை. பெரும்பாலான முதியோரிடம் போயிருப்பவை மூன்று: கண்ணுக்கு ஏற்ற கண்ணாடி, பக்கத்தில் போதிய வெளிச்சம், கேட்பதற்கு ஓர் ஆள். முதல் இரண்டையும் பற்றி விரைந்து சொல்லிவிட்டு மூன்றாவதற்கு வருகிறோம். ஏனெனில் நம் குடும்பங்கள் அதிகம் மறந்திருப்பது அதைத்தான்.

நாற்பது வயதைத் தாண்டியவுடன் கிட்டத்து எழுத்து மங்குவதை நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். சாளேசரம் என்றும் சொல்வதுண்டு. நாற்பது என்னும் பொருளுள்ள வடபுலச் சொல்லிலிருந்து வந்தது அது. அதற்குக் கண்ணாடி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கண்ணாடியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். காலஞ்சென்ற தாத்தாவின் கண்ணாடியைப் பாட்டி போட்டுக்கொள்வதும், திருவிழாக் கடையில் வாங்கியதை வீட்டிலுள்ள மூவர் மாறி மாறி அணிவதும் நாம் பல வீடுகளில் கண்ட காட்சி.

கண்புரை வேறு. கண்ணினுள் இருக்கும் வில்லையே மங்கிப் போவது அது; கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, அறுவைதான் வழி. ஒரு காலத்தில் அறுவை என்றால் முதியோர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டு 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதைப் போன்ற பிற நிலையங்களும் ஊர் ஊராக முகாம் நடத்தி அந்த அச்சத்தைப் பெரிதும் போக்கிவிட்டன. ஏழைகளுக்குக் கட்டணமின்றியே அறுவை நடைபெறுகிறது. ஆனால் ஒரு செய்தியைக் குடும்பத்தார் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. அறுவையின்போது கண்ணினுள் பொருத்தப்படும் வழக்கமான வில்லை தொலைவைத் தெளிவாகக் காட்டுவதற்கென அமைந்தது. ஆள் தெரியும், பேருந்து எண் தெரியும். புத்தக எழுத்து தெரியாது. சில வாரங்கள் கழித்துக் கண் ஆறியபின் படிப்பதற்கென்று தனிக் கண்ணாடி வாங்கித் தர வேண்டும். "ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே, இன்னும் என்ன கண்ணாடி?" என்று விட்டுவிடும் வீடுகளில் முதியோர் வாசிப்பு அந்த இடத்திலேயே நின்று போகிறது. நம் அத்தைக்கும் ஒரு கண்ணில் புரைதான் இருந்தது.

வெளிச்சத்திற்கு வருவோம். இருபது வயதுக் கண்ணின் உட்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதுக் கண்ணின் உட்திரையை அடைகிறது. பேரன் படிக்கும் அதே விளக்கொளியில் பாட்டியும் படிக்க வேண்டும் என்பது எவ்வளவு அநீதி என்பதை இதிலிருந்து உணரலாம். கூரையில் எரியும் விளக்கை மாற்றிப் பயனில்லை. சிறு விளக்கொன்றைத் தோளுக்குப் பின்னால், பக்கத்தின்மேல் விழும்படி வைக்க வேண்டும். விளக்குக்கும் தாளுக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால் தாளில் விழும் ஒளி நான்கு மடங்காகும். மின்கட்டணம் காசு கூடாது. அதனினும் நல்லது காலை ஒன்பது மணி வெயில் படாத திண்ணை. வீட்டிலேயே இருண்ட மூலையில், போவார் வருவாருக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் முதியோர் நாற்காலியைப் போடும் நம் வழக்கத்தைப் பற்றி வேறொரு திங்களில் எழுத வேண்டும்.

இனி எழுத்து. மேனாட்டில் முதியோருக்கென்று பெரிய எழுத்தில் நூல்களை அச்சிடும் முயற்சியை 1964-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் ஃபிரெடெரிக் தார்ப் என்பவர் அல்வர்ஸ்கிராஃப்ட் என்ற பதிப்பகத்தின் வாயிலாகத் தொடங்கினார் என்றும், நூலகங்கள் அவற்றை விரும்பி வாங்கின என்றும் படிக்கிறோம். பாராட்டத்தக்க பணி. ஆனால் தமிழருக்கு இது புதுமையா? அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கோணி விரித்து விற்கப்பட்ட நூல்களின் பெயரை நினைத்துப் பாருங்கள்: 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை', 'பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை'. சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் வெளியிட்டவை. கதையின் பெயருக்கு முன்னால் எழுத்தின் அளவையே விளம்பரமாக அச்சிட்டார்கள்! வாங்குவோர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவரும், வெள்ளெழுத்து விழுந்தவரும், சிம்னி விளக்கில் பத்துப் பேருக்குப் படித்துக் காட்டியவரும் அவற்றை வாங்கினர். கற்றோர் அவற்றைக் 'குஜிலிப் பதிப்பு' என்று ஏளனம் செய்தனர். தாள் மட்டம், பிழைகள் மிகுதி என்பது மெய்தான். எனினும் வாசகனின் கண்ணை நினைத்து அச்சிட்ட நூல்கள் அவை. இன்று வழவழப்பான அட்டையோடு வரும் நூல்களில் பலவற்றுக்கு அந்த நினைப்பு இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மறைமாவட்டங்கள் வெளியிடும் செபப் புத்தகங்களையும் இதிலிருந்து விலக்கிச் சொல்வதற்கில்லை.

பெரிய எழுத்து நூல் கிடைக்காவிடில் என்ன செய்வது? நகல் எடுக்கும் கடைக்குச் சென்று, வேண்டிய சில பக்கங்களை ஏ4 அளவிலிருந்து ஏ3 அளவுக்குப் பெருக்கித் தரச் சொன்னால் எழுத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். நாள்தோறும் சொல்லும் செபங்களுக்கும், விரும்பிப் பாடும் பாடல்களுக்கும் இதுவே போதும். கைப்பேசியில் எழுத்தை எவ்வளவு வேண்டுமாயினும் பெருக்கலாம் என்று இளையோர் சொல்வர். உண்மையே, சில முதியோர் அதில் தேர்ந்தும் இருக்கிறார்கள். உலர்ந்த விரல் பட்டுப் பக்கம் எங்கோ ஓடிவிட, "என்னமோ ஆயிடுச்சு, வந்து பாரு" என்று பேரனை அழைத்து அழைத்துச் சலித்துப் பின் விட்டுவிட்டவர்களே நாம் கண்டவரையில் மிகுதி. கனத்த நூலைப் பிடிக்க இயலாதவர்க்கு வியாசபீடம் ஒன்று வேண்டும். மடக்கி விரிக்கும் அச்சிறு பலகையை எந்தத் தச்சரும் ஒரு நாளில் செய்து கொடுத்துவிடுவார்.

நூல்களைத் தேடி எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் இயற்றப்பட்ட முதல் மாநிலச் சட்டம். அதன் பயனாக நம் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. ஆகவே வரி செலுத்தும் ஒவ்வொரு வீடும் நூலகத்திற்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. எடுக்க வேண்டியதைத்தான் எடுக்கவில்லை. நடந்து செல்ல இயலாதவர்க்கு நூலே வீடு தேடி வர வேண்டும் என்பதும் புதிய கருத்தன்று. 1931-ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கத்தில், நூலகத் தந்தை எஸ். ஆர். அரங்கநாதன் முன்னிலையில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. நூல்களை அடுக்கிய அந்த வண்டி சிற்றூர்களுக்குச் சென்று நின்றது. இன்று தமிழகப் பொது நூலகத் துறையில் 'நூலக நண்பர்கள்' என்றொரு திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தன்னார்வலர்கள் கிளை நூலகத்திலிருந்து நூல்களை எடுத்துச் சென்று முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோரின் வீடுகளில் சேர்ப்பது அதன் நோக்கம். உங்கள் ஊர்க் கிளை நூலகரிடம் சென்று கேளுங்கள். ஞாயிறு மாலைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் கோயில் வளாகத்தில் நிற்கும் பங்கு இளைஞர்களுக்கு ஏற்ற பணி இது. எந்த நூலை எடுத்து வருவது என்பதை மட்டும் முதியவரிடமே கேட்கச் சொல்லுங்கள். வயதாகிவிட்டால் புனிதர் வரலாறு ஒன்றே பிடிக்கும் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். நம் அத்தையிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, "நந்தினி கதைதான் வேணும்" என்றார். பழுவூர் இளையராணியின் சூழ்ச்சிகளில் அவருக்குள்ள சுவை எழுபது ஆண்டாகியும் குறையவில்லை.

இப்போது மூன்றாவதற்கு வருகிறோம். கேட்பதற்கு ஓர் ஆள்.

தனியே, மௌனமாக, கண்ணால் மட்டும் படிப்பதே வாசிப்பு என்று நாம் இன்று எண்ணுகிறோம். இவ்வழக்கம் நம்மிடையே பரவி நெடுங்காலம் ஆகவில்லை. நம் பாட்டன் பாட்டியர் காலத்தில் வாசிப்பு என்பது ஒருவர் படிக்கப் பலர் கேட்பது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்தார்கள். யாழ்ப்பாணத்திலும் நம் தென்கடலோரத்திலும் தவக்காலத்தில் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் 'வியாகுலப் பிரசங்கம்' படித்தார்கள். 1742-இல் மறைந்த அக்குருவானவரின் உரைநடையை, அதற்கென்றே பழகிய குரலுடையவர் இராகத்தோடு வாசிக்க, ஊரே அமர்ந்து கண்ணீர் விட்டது. தமிழில் முதன் முதலாக அச்சேறிய நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. 16 பக்கமே உடைய செபநூல். அக்காலத்தில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர்? ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுச் சொல்லிப் பழகிய காலம் அது. தேநீர்க் கடையில் நாளிதழின் ஒரு தாளை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் குவளையோடு கேட்டிருந்தது நம்மில் பலர் கண்ணால் கண்டதே.

இதைவிடச் சிறப்பான வழக்கம் ஒன்று அண்டை மாநிலத்தில் இருந்தது. கண்ணூரில் 1969-இல் தோன்றிய கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்தின் வேலைக்கூடங்களில், தொழிலாளர்கள் பீடி சுற்றிக்கொண்டிருக்க, அவர்களுள் ஒருவர் நாளிதழையும் கதைகளையும் உரக்கப் படிப்பார். அவர் படிக்கும் நேரத்தில் அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கியூபா நாட்டில் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் இவ்வாறு வாசிப்பாளர் வைத்துக்கொண்டனர். அங்கே தொழிலாளர் மிகவும் விரும்பிக் கேட்ட பிரெஞ்சு நாவல் ஒன்றின் பெயரையே 'மாண்டிகிறிஸ்டோ' என்று ஒரு சுருட்டு வகைக்கு வைத்துவிட்டார்கள் என்பர். கைக்கு ஓயாத வேலை, காதுக்கு ஒரு வேலையுமில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் உரத்த வாசிப்பு தழைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் ஆட்டையாம்பட்டி வீடு நம் நினைவுக்கு வந்தது. அங்கே அத்தை வீட்டின் பின்கட்டில் நாள்தோறும் பிற்பகலில் ஐந்தாறு பெண்கள் வட்டமாக அமர்ந்து முறுக்குச் சுற்றுகிறார்கள். அரிசி மாவை விரலிடையே திரித்துத் திரித்து வளையமாக்கும் வேலை. கண்ணும் விரலும் அதிலேயே இருக்கும், காது சும்மா இருக்கும். அத்தையும் ஐம்பது ஆண்டு அந்த வட்டத்தில் உட்கார்ந்தவர். இப்போது தரையில் உட்கார முழங்கால் இடம் தருவதில்லை. விரல் கணுக்களும் வீங்கிவிட்டன. ஆகவே கூடத்து மூலைக்கு வந்துவிட்டார். வாசிப்பு போனதற்கு முன்பே அந்த வட்டம் அவரைவிட்டுப் போயிருந்தது. இரண்டையும் நாம் வெவ்வேறு இழப்புகளாக நினைத்திருந்தோம்.

முதியோருக்குப் படித்துக் காட்டுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. நாமும் சொல்கிறோம். மாலையில் கால்மணி நேரம் பேரனோ பேத்தியோ தாத்தாவுக்குப் படித்துக் காட்டட்டும். அதில் சில நுணுக்கங்கள் உண்டு. முதுமையில் முதலில் குறைவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். ஆகவே குழந்தை கத்திப் படித்தால் ஓசை கேட்கும், சொல் கேட்காது. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, முகம் தெரிய எதிரே அமர்ந்து படிக்கச் சொல்லுங்கள். நேற்றுப் படித்தது மறந்திருக்கும். அதற்காக முகஞ்சுளிக்க வேண்டாம். வார இதழ்கள் அந்நாளில் தொடர்கதைக்கு முன்னால் 'முன்கதைச் சுருக்கம்' என்று நாலு வரி போட்டு வைத்தது எதற்காக? இளைஞர்களுக்கும் மறந்து போனதால்தானே. விசைத்தறி ஓடும் வீடுகளில் உரக்கப் படிக்க இயலாது என்று ஒரு தாய் நம்மிடம் குறைப்பட்டார். மின்சாரம் நிற்கும் வேளையில் தறியும் நிற்குமல்லவா, அப்போது படியுங்கள் என்றோம். நம் மின்வாரியத்தால் இப்படியும் ஒரு நன்மை.

ஆனால் நாம் அதைவிட மேலாகக் கருதுவது, முதியவரையே பிறருக்குப் படித்துக் காட்டச் செய்வது. கேட்பவராக மட்டும் வைத்தால் அவர் மறுபடியும் நம் தயவை எதிர்பார்ப்பவராகிறார். வாசிப்பவராக்கினால் நமக்கு அவர் தேவைப்படுகிறார். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்க இளம்பெண்களையே தேடும் பங்குகள், ஒலிபெருக்கி உள்ள இந்நாளில், நடுங்கும் குரலுடைய ஒரு முதியவரையும் மாதம் ஒரு முறை அழைத்தால் என்ன? முதல் நாளே பெரிய எழுத்தில் அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டால் அவர் பத்து முறை படித்துப் பார்த்துக்கொண்டு வருவார்.

எழுத்தே அறியாத முதியோரும் நம்மிடையே உளர். அவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது என்று எவரும் சொல்லாதிருக்கட்டும். கேரளத்து ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா என்பவர் கோயில்களைப் பெருக்கிப் பிழைத்தவர், பள்ளிக்குச் சென்றதில்லை. 2018-ஆம் ஆண்டு, தம் 96-ஆம் வயதில் அம்மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். அவருக்கு முன்னரே பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியவர் அவருடைய சொந்த மகள். மகளைப் பார்த்துத் தாய் கற்ற விந்தை அது. 2023-இல், நூறு வயதைக் கடந்து மறைந்தார்.

உயிர்ப்புத் திருநாளுக்கு இரு மாதங்களுக்குப் பின்னர் மீண்டும் ஆட்டையாம்பட்டி சென்றோம். அத்தையின் மகன், தாய் தம்மிடம் மறைத்ததை அறிந்து முதலில் வருந்தினாராம். பிறகு அடுத்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றுவிட்டார். அறுவை முடிந்து, படிப்பதற்கென்று தனிக் கண்ணாடியும் வந்தாயிற்று. முதல் நாள் அதை அணிந்து அத்தை படித்தது உப்புப் பொட்டலத்தின் உறையை என்று மருமகள் சிரித்துக்கொண்டே கூறினார்.

கூடத்து மூலையில் நாற்காலி இல்லை. பின்கட்டுத் தாழ்வாரத்தில், முறுக்குச் சுற்றும் பெண்களின் வட்டத்திற்குத் தலைமாட்டில் அது போடப்பட்டிருந்தது. முன்னால் வியாசபீடம், அதன்மேல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம். பழைய பைண்டுப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையானதிலிருந்து பல பதிப்பகத்தார் வெளியிடுகிறார்கள். கடையில் ஐந்தாறு பதிப்புகளைப் பிரித்துப் பார்த்து, எழுத்துப் பெரிதாக உள்ளதை மகன் தேடி வாங்கி வந்திருக்கிறார். அந்தப் பெண்களில் இருவருக்கு எழுத்துத் தெரியாது. மற்றவர்க்குத் தெரியும், நேரம் இல்லை. நாள்தோறும் ஓர் அத்தியாயம். படித்ததற்குக் கூலியாக நல்ல முறுக்கு இரண்டு தனியே எடுத்து வைக்கிறார்கள்; பல் இல்லாத வாய்க்கு அதை உரலில் இடித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாம் போனபோது வந்தியத்தேவன் ஓலையோடு தஞ்சைக் கோட்டைக்குள் நுழைந்துவிட்டான். அத்தை நம்மைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்துவிட்டு, உட்காரும்படி கையால் காட்டிவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தார். குரல் சற்று நடுங்கியது. சொல் ஒன்றுகூடச் சிதறவில்லை. அத்தியாயம் முடிந்ததும் பக்கத்தில் ஒரு கோழி இறகை வைத்துப் புத்தகத்தை மூடினார்.

"ஆயா, அந்த ஓலை ராசா கையில போய்ச் சேர்ந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க" என்றாள் கையெல்லாம் மாவோடு இருந்த ஒருத்தி.

"எனக்கு எழுபது வருசமாத் தெரியும். நீ நாளைக்கு வா" என்றார் அத்தை.